சோப்புக்குள் ஓடும் வண்ணச் சுழல்

நான் செய்யும் வண்ணச் சுழல் சோப்பை வெட்டி எடுத்த படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி, "இந்தக் கோடுகளையெல்லாம் எப்படி வரையறீங்க?" என்பதுதான். எந்தக் கம்பி, எந்தக் குச்சி, கை நடுங்காமல் எப்படி இழுப்பது என்று பேச்சு நீளும். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கம்பியை இழுக்கும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பெரிய கைத்திறனும் வேண்டாம். எந்த எண்ணெயை எத்தனை கிராம் எடுத்தோம், தண்ணீர் எவ்வளவு வைத்தோம், எந்த வாசனையைச் சேர்த்தோம் என்பதிலேயே சுழலின் தலையெழுத்து முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. வீடியோக்களில் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறார்கள். நான் அதற்கு முந்தைய கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சொல்லப்போவது எல்லாம் கோல்ட் பிராசஸ் முறைக்கு, அதாவது எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் அடுப்பில் காய்ச்சாமல் கலந்து சோப்பாக்கும் முறைக்கு. ஏற்கெனவே சோப்பாகிவிட்ட ஆயத்தக் கட்டியை, அதாவது சோப்பு பேஸை, உருக்கி ஊற்றும் முறையிலும் வண்ணம் சுழற்றலாம்தான். ஆனால் அங்கே கலவை ஆறினால் இறுகும், சூடாக்கினால் மறுபடி இளகும். கோல்ட் பிராசஸில் அந்தச் சலுகை கிடையாது. காஸ்டிக் சோடாக் கரைசலை எண்ணெயில் ஊற்றியபின் கலவை இறுக்கத்தை நோக்கி மட்டுமே போகும்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலோடு பிணைந்திருக்கின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. அவிழ்ந்த அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. கிளிசரால் உள்ளேயே தங்கிவிடுகிறது. இதுவரை பள்ளிப் பாடம். சுழல் போடுகிறவருக்கு வேண்டியது இதற்கு அடுத்த வரி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதவை என்பதால், தொடக்கத்தில் அவை தொட்டுக்கொள்ளும் விளிம்பில் மட்டுமே வினை நடக்கிறது. அங்கே முதலில் உருவாகும் சொற்பச் சோப்பு என்ன செய்யும்? எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும். சோப்பின் பிறவிக் குணமே அதுதானே. அதனால் தொடும் பரப்பு கூடுகிறது, வினை வேகமெடுக்கிறது, இன்னும் சோப்பு, இன்னும் வேகம். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகாததுபோல் கிடந்த கலவை, கண்ணெதிரே திடீரென்று தடித்துப்போவது இதனால்தான். மந்தமாக இருக்கிறதே என்று பிளெண்டரை இன்னும் கொஞ்சம் ஓட்டுகிறவர்கள், அந்த வேகம் பிடிக்கும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சோப்பு செய்கிறவர்கள் இந்தத் தடிப்பை டிரேஸ் என்பார்கள். ஸ்பேட்டுலாவால் கொஞ்சம் எடுத்து மேலே கோடுபோல் ஒழுகவிட்டால், கோடு கலவைக்குள் மறையாமல் சற்று நின்றால் டிரேஸ் வந்துவிட்டது என்று பொருள். மெல்லிய டிரேஸ், நடுத்தரம், கெட்டி என்று மூன்று நிலை சொல்வது வழக்கம். ஆனால் சுழலுக்குத் தேவையான நிலை பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் முந்தையது. எண்ணெயும் கரைசலும் பிரியாமல் ஒன்றாகிவிட்டன, ஆனால் இன்னும் தண்ணியாகவே ஓடுகிறது என்கிற நிலை, எமல்ஷன் என்பார்கள். ஸ்பேட்டுலாவைத் தூக்கிப் பார்த்தால் அதன்மேல் எண்ணெய்த் திட்டுகள் தனியாக மினுங்கக் கூடாது, கலவை ஒரே நிறமாக, மங்கலாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். பிளெண்டரை அங்கேயே அணைத்துவிட்டு, பிறகு எல்லாமே கைக்கரண்டிதான். டிரேஸ் வரவில்லையே, அச்சில் ஊற்றினால் பிரிந்துவிடாதா என்ற பயம் இயல்பு. எமல்ஷன் உறுதியாக இருந்தால் பிரியாது. மீதி வினை அச்சுக்குள்ளேயே நடந்துகொள்ளும்.

ஸ்டிக் பிளெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சாய்த்து இறக்கி, அடியில் லேசாகத் தட்டி, தலைப்பகுதியில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பின்பே ஓட்ட வேண்டும். சில நொடி ஓட்டம், பிறகு அணைத்தபடியே அதைக்கொண்டு கிளறல், மறுபடி சில நொடி. காற்றுக் குமிழி உள்ளே போனால் சுழலின் கோட்டுக்கு நடுவே பொத்தல் பொத்தலாக நிற்கும். படத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பாதுகாப்பு விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விட்டுவிட மனமில்லை. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் தலையில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரைசல் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்பேறலாம், ஆவி மூச்சை அடைக்கும், அதனால் காற்றோட்டம் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேலை முடியும்வரை கழற்றக் கூடாது. அச்சில் ஊற்றும் கலவையும் தோலைச் சுடும் கலவைதான். அலுமினியம் எதிலும் வேண்டாம், பாத்திரத்திலும் சரி, சுழற்றும் கம்பியிலும் சரி. காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

இனி எண்ணெய். சுழலுக்கான கலவை மெதுவாக இறுக வேண்டும். ஓலிக் என்ற கொழுப்பு அமிலம் நிறைந்த எண்ணெய்கள் மெதுவானவை. ஆலிவ் எண்ணெய் அதில் முதல் ஆள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் என்ற கொழுப்பு அமிலம். நுரையும் கடினமும் அதனால் வரும், ஆனால் அளவு மீறினால் தோல் வறளும். பாமாயில், ஷியா வெண்ணெய், கோக்கோ வெண்ணெய் போன்றவை கட்டியை உறுதியாக்கும், கூடவே கலவையையும் சீக்கிரம் கெட்டியாக்கும். விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கும். மிகுந்தால் பிசுபிசுக்கும், டிரேஸும் முந்திக்கொள்ளும். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கலவை இது: 1000 கிராமுக்கு ஆலிவ் 500, தேங்காய் 250, பாமாயில் 200, விளக்கெண்ணெய் 50. ஒரு கிராம் எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். ஆலிவுக்கு 0.135 கிராம், தேங்காய்க்கு 0.183, பாமாயிலுக்கு 0.142, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 148 கிராம். ஐந்து சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சட்டும் என்று குறைத்தால் ஏறத்தாழ 140. அதற்கு இரட்டிப்பாக 280 கிராம் தண்ணீர். இதை அப்படியே நம்பி எடுத்துவிடாமல் ஒரு சோப்பு கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு என்பதற்காகச் சொல்லவில்லை, யாருடைய கணக்கானாலும் அதுதான் முறை.

தண்ணீரைக் கூட்டினால் கலவை நிதானமாக இறுகும், கம்பி இழுக்க நேரம் கிடைக்கும். அதற்காகத் தாராளமாகவும் ஊற்ற முடியாது. தண்ணீர் மிகுந்த கட்டி உலர உலரச் சுருங்கி வளையும். வெள்ளை நிறத்தில் கண்ணாடி நரம்புகள் ஓடத் தொடங்கும். அந்த நரம்புகளுக்குப் பிறகு வருகிறேன், அவற்றுக்கு ஒரு சுவையான வம்சாவளி இருக்கிறது.

சூட்டுக்கும் இதேபோல் இரண்டு பக்கம் உண்டு. எண்ணெயும் கரைசலும் 35 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும்போது சேர்த்தால் பெரும்பாலும் நிம்மதி. அதற்கு மேலே போனால் வினை ஓடும். ரொம்ப ஆறவிட்டால் பாமாயிலும் வெண்ணெய் வகைகளும் உறையத் தொடங்கி, டிரேஸ் வந்ததுபோல் ஏமாற்றும். அது வெறும் உறைந்த கொழுப்பின் தடிப்பு. உள்ளே வினை ஒன்றும் நடந்திருக்காது. பார்க்கவும் மணல் மணலாக இருக்கும்.

இத்தனையும் சரியாக வைத்த பிறகு ஒரே ஊற்றில் எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடியது வாசனை. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் காஸ்டிக் சோடாவோடு வினைபுரியும் பொருள். ஊற்றிய சில நொடியில் கலவை கரண்டியோடு சேர்ந்து நின்றுவிடும். இலவங்கப் பட்டை மரத்தின் இலை எண்ணெயும் அதே ரகம். பூ வாசனைகள் பலவும் அவசரக்காரர்கள். சிட்ரஸ் எண்ணெய்கள், லாவெண்டர் இவை பொதுவாகச் சாது. வெனிலின் உள்ள வாசனை என்றால் இன்னொரு தொல்லை: கலவையை இறுக்காவிட்டாலும் நாள்பட நாள்படப் பழுப்பாக்கும். பால் வெள்ளையாக ஊற்றிய கோடு சில வாரத்தில் காவியாகி நிற்கும். வெள்ளைப் பகுதிக்கு மட்டும் வாசனை சேர்க்காமல் விட்டுப் பார்க்கலாம். பழுப்பு மெல்லப் பக்கத்துக்கும் கசியும் என்பதை ஏற்றுக்கொண்டால். என் அபிப்பிராயம் கேட்டால், புதிய வாசனையையும் புதிய சுழல் முறையையும் ஒரே நாளில் சோதிக்கவே கூடாது.

ஷெவ்ரலின் இரண்டு வேலைகள்

நிறங்களைப் பற்றி எழுதுமுன் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1786இல் பிறந்து 1889இல், தன் 102ஆம் வயதில் காலமானவர். ஈஃபிள் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. கொழுப்பு என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது, சோப்பு என்பது அந்த அமிலங்களின் உப்பு என்று தெளிவாக நிறுவியவர் அவர்தான். 1823இல் அந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதுவரை மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோப்பு காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே.

மறு ஆண்டு பாரிஸின் கோப்லேன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே ஒரு புகார் காத்திருந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணிகளின் நிழல் மடிப்பில் வைத்து நெய்தால் கறுப்பு எடுபடவில்லை. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். அதில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கண்ணில் கறுப்பைக் கெடுத்தன. ஒரு நிறம் தனக்குப் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிகிறது என்பதை விதியாக விரித்து 1839இல் வெளியிட்டார். எதிர் நிறங்களை, உதாரணமாக நீலத்தையும் ஆரஞ்சையும், அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் இன்னும் துலங்கும். அதே நிறங்களை மெல்லிய இழைகளாக்கிக் கலந்து நெய்தால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சாம்பல் பூக்கும்.

சோப்பின் வேதியியலையும் வண்ணங்களின் அண்டை வீட்டுச் சண்டையையும் ஒரே ஆள் விளக்கிவிட்டுப் போயிருக்கிறார். வண்ணச் சுழல் போடுகிற எவருக்கும் இவரைவிடப் பொருத்தமான முன்னோர் கிடைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றும். அவருடைய இரண்டாவது கண்டுபிடிப்புதான் சுழலின் மையக் கணக்கும். எந்த நிறத்தை எடுக்கிறோம் என்பதைவிடக் கோடு எவ்வளவு அகலமாக நிற்கப்போகிறது என்பதுதான் முக்கியம்.

ஏன் என்று பாருங்கள். தடித்த திரவத்தில் குச்சியை மெதுவாக ஓட்டும்போது நிறங்கள் கலப்பதில்லை. நீள்கின்றன, மடிகின்றன. துணியை மடிப்பதுபோல ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடுக்கில் தொடங்கி மூன்று மடிப்பில் 16, ஐந்தில் 64, பத்தில் 2048. 8 சென்டிமீட்டர் அகல அச்சில் 64 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் ஒன்றேகால் மில்லிமீட்டர். கண்ணுக்கு இதமான மெல்லிய கோடு. 2048 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் 0.04 மில்லிமீட்டர். நிறம் அப்போதும் உண்மையில் கலக்கவில்லை. கண்ணால்தான் பிரிக்க முடியவில்லை. நீலமும் ஆரஞ்சும் போட்டவருக்கு அங்கே சேற்று நிறம் தெரியும். அழகாக இருக்கிறதே, இன்னும் இரண்டு இழுப்பு இழுப்போம் என்ற ஆசைக்கும் சேற்றுக்கும் இடையே இருப்பது இந்த இரட்டிப்பு மட்டுமே. அதனால் எதிர் நிறங்களை வைத்து விளையாடும்போது கை சிக்கனம் வேண்டும். ஒரே குடும்ப நிறங்கள், நீலம், கடல் பச்சை, வெள்ளை என்று எடுத்தால் அதிகம் சுழற்றினாலும் தப்பிக்கலாம். வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு நல்ல சுழலுக்குப் பாதி பலம். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே போட்டு அசத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிறப்பொருளும் காஸ்டிக் சோடாவின் பரீட்சையில் தேற வேண்டும். இரும்பு ஆக்சைடுகள் அசையாது. அல்ட்ராமரீன் நீலம் காரத்தில் நிற்கும், அமிலத்தில்தான் வெளுக்கும். டைட்டானியம் டையாக்சைடு வெள்ளைக்கு; கொஞ்சம் எண்ணெயிலோ தண்ணீரிலோ முன்கூட்டியே குழைக்காவிட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். மினுமினுக்கும் தூளான மைக்காவில் சில தாங்கும், சாயம் ஏற்றிய சில நிறம் மாறும். ஆக்டிவேட்டட் சார்கோல் நல்ல கறுப்பு, மிகுந்தால் நுரையே சாம்பலாக வரும். இயற்கை நிறங்களில் ஏமாற்றம் நிறைய. மஞ்சள் தூள் காரத்தில் சிவந்து, பிறகு தணிந்து, வெளிச்சத்தில் மங்கும். பீட்ரூட் பழுப்பாகிவிடும், செம்பருத்தியும் ஏறத்தாழ அப்படியே. இலைப் பச்சைகள் சில மாதத்தில் காய்ந்த நிறத்துக்கு வந்துவிடும். அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, களிமண் நிறங்கள் இவை நிலைப்பவை. உணவுச் சாயங்கள் வேண்டாம். நிலைத்தாலும் பக்கத்துக் கோட்டுக்குக் கசிந்து எல்லையை அழிக்கும். சுழலில் எல்லை போனால் எல்லாம் போயிற்று.

கம்பி நீளும் திசை

முறைகள் ஏராளம், வாரத்துக்கு ஒரு புதுப் பெயர் வருகிறது. பெயர்களை மனப்பாடம் செய்வதில் பலனில்லை. எல்லாமே சில அடிப்படை அசைவுகளின் கலவைதான்.

எளியது இன் த பாட் ஸ்விர்ல். அடிப்படைக் கலவை உள்ள பாத்திரத்தில் நான்கு மூலையிலும் வண்ணங்களைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றி, ஸ்பேட்டுலாவால் ஒரே ஒரு சுற்று. பிறகு அப்படியே அச்சில் ஊற்றினால் ஊற்றும் ஓட்டமே மீதிச் சுழற்சியைச் செய்துவிடும். இரண்டு சுற்று சுற்ற வேண்டும் என்று கை பரபரக்கும், விடக்கூடாது. ஒவ்வொரு துண்டும் வேறு வேறாக வரும் என்பது இதன் அழகு.

டிராப் ஸ்விர்லில் அச்சில் அடிப்படைக் கலவை முதலில் இருக்கும், வண்ணத்தை மேலிருந்து ஊற்றுவோம். உயரத்திலிருந்து ஊற்றினால் வண்ணம் ஆழம் வரை இறங்கும், தாழ்வாக ஊற்றினால் மேலேயே தங்கும். கையை ஏற்றி இறக்கியே ஆழத்தை மாற்றலாம். ஆனால் அடிக்கலவை ஏற்கெனவே தடித்திருந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றியும் பலனில்லை, வண்ணம் மேலே குவிந்து உட்கார்ந்திருக்கும். எல்லாக் கிண்ணங்களும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். களிமண் சேர்த்த கிண்ணமும் டைட்டானியம் டையாக்சைடு சேர்த்த கிண்ணமும் கொஞ்சம் முந்தித் தடிக்கக்கூடும். அவற்றைக் கடைசியில் கிளறுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தவை ஹேங்கரும் தைவானும். இரண்டையும் தனித்தனி வித்தை என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்ளே பார்த்தால் இரண்டும் ஒன்று. ஹேங்கர் ஸ்விர்லில், நீள அச்சின் நீளத்துக்கே வளைத்த ஒரு கம்பியைக் கலவைக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்து எடுப்போம். கம்பி அச்சின் நீளவாக்கில் படுத்திருப்பதால், ஒரு முனையில் நடப்பதே மறுமுனை வரை நடக்கிறது. தைவான் ஸ்விர்லில், தடுப்பு அட்டைகளை நீளவாக்கில் நிறுத்தி வண்ணங்களைப் பக்கம் பக்கமாக ஊற்றி, அட்டைகளை உருவிவிட்டு, ஒரு குச்சியை அடி தொடும்வரை செங்குத்தாக இறக்கி முன்னும் பின்னுமாக ஓட்டுவோம். அங்கே குச்சி நிற்கிறது, அதனால் மேலே தெரியும் கோலமே அடிவரை இறங்குகிறது.

ஆக விதி ஒன்றுதான்: கருவி எந்தத் திசையில் நீண்டிருந்ததோ அதற்குக் குறுக்கே கத்தியை வைக்க வேண்டும். ஹேங்கர் கட்டியை வழக்கம்போல் துண்டு போடலாம். தைவான் கட்டியைப் படுக்கைவாட்டில் வெட்ட வேண்டும். தெரியாமல் வழக்கம்போல் துண்டு போட்டால் சாதாரணச் செங்குத்துப் பட்டைகள்தான் கிடைக்கும், உள்ளே இருந்த அலங்காரம் எதுவும் முகத்துக்கு வராது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் புதுப் பெயரோடு வரும் எந்த முறையையும் பார்த்தவுடனே எங்கே வெட்டுவது என்று சொல்லிவிடலாம். கம்பி மெலிதாக இருந்தால் கோடு மெல்லியதாக இழுபடும். தடித்த கம்பி கூடுதல் கலவையைத் தள்ளி அகலமான வளைவைத் தரும். துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியும் ஏற்றவை.

மயில்தோகை போன்ற கோலம் தரும் பீகாக் ஸ்விர்ல் வேறு குலம். அது காகிதத்திலிருந்து சோப்புக்கு வந்தது. கோந்து சேர்த்துத் தடிப்பாக்கிய தண்ணீர்மேல் சாயத்தை மிதக்கவிட்டு, சீப்பால் கோதி, அதன்மேல் காகிதத்தைப் படியவைத்து எடுக்கும் துருக்கியக் கலை எப்ரு. அது ஐரோப்பாவுக்குப் பரவி, 17ஆம் நூற்றாண்டிலிருந்து புத்தக அட்டைகளின் உட்பக்கத்தை அலங்கரித்தது. அந்தச் சீப்பும் அந்த வளைவுகளும் அப்படியே இங்கே வந்திருக்கின்றன. அகன்ற தட்டையான அச்சில் அடிக்கலவை, அதன்மேல் பிழியும் புட்டியால் நெருக்கமான வண்ணக் கோடுகள், குச்சியால் குறுக்கே முன்னும் பின்னும், பிறகு ஆணிச்சீப்பால் நேராக ஒரு கோதல், கடைசியாக அலை அலையாக ஒரு கோதல். கலவை நீண்ட நேரம் தண்ணியாக இருந்தே ஆக வேண்டும். இத்தனை வேலைக்கும் அது பொறுமை காட்ட வேண்டுமே. பிரச்சினை, காகிதத்தில்போலவே இங்கும் அந்தக் கோலம் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர்தான்.

வண்ணமே இல்லாத சுழலும் உண்டு. ஊற்றிய சோப்பு அச்சுக்குள் தானாகச் சூடேறி, ஒரு கட்டத்தில் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நிலைக்கு வரும், ஜெல் என்பார்கள். தண்ணீர் அதிகமுள்ள கலவை குறைந்த சூட்டிலேயே ஜெல்லாகும், குறைவானது இன்னும் சூடு கேட்கும். அடர்த்தியான கரைசலில் ஒரே கலவையைச் செய்து இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் கூடுதல் தண்ணீர் சேர்த்துச் சுழற்றி மிதமாகச் சூடுகாட்டினால், ஒரு பகுதி ஜெல்லாகிக் கொஞ்சம் அடர்ந்தும் மற்றது வெளுத்தும் நிற்கும். கோஸ்ட் ஸ்விர்ல் என்று பெயர். சாயம் ஒரு துளிகூட இல்லை. சுழல் என்பது உள்ளே நடக்கும் வினையின் பதிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (ஜெல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்று: வண்ணம் துலங்க வேண்டுமானால் கட்டி முழுதும் ஜெல்லாகட்டும், போர்த்திவையுங்கள். வேண்டாம் என்றால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். பாதியில் விட்டால் நடுவில் ஒரு இருண்ட வட்டம் சுழலைக் கிழித்துக்கொண்டு நிற்கும்.)

நரம்புகளின் வம்சாவளி

முன்பு சொன்ன கண்ணாடி நரம்புகளை கிளிசரின் ரிவர்ஸ், அதாவது கிளிசரின் ஆறுகள், என்பார்கள். தண்ணீரும் சூடும் மிகுந்து, கட்டி மெல்ல ஆறும்போது உள்ளே பகுதிகள் பிரிந்து, டைட்டானியம் டையாக்சைடு சேர்த்த இடத்தில் ஊடுருவித் தெரியும் கால்வாய்களாக நிற்கும். பலர் இதைக் குறை என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் பிரான்சின் பழைய மார்செய் நகரத்தில் சோப்பில் நரம்பு தெரிவதுதான் மதிப்பு.

ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக்குப் பேர்போன ஊர் அது. 1688இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, அங்கே சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையே போட்டார். கொப்பரையில் காய்ச்சிய சோப்பில், இரும்புச் சேர்மங்கள் மெல்ல ஆறும்போது பிரிந்து, நீலச் சாம்பல் நரம்புகளாக ஓடும். பளிங்குச் சோப்பு என்று அதற்குத் தனி மரியாதை. காரணம் அழகு அல்ல. சோப்பில் அளவுக்கு மீறித் தண்ணீரைக் கலந்து எடை கூட்டினால், கலவை தளர்ந்துபோய் அந்த இரும்புச் சேர்மங்கள் அடியில் படிந்துவிடும், நரம்பு நிற்காது. ஆகவே நரம்பு தெரிகிறது என்றால் விற்பவன் தண்ணீரை விற்கவில்லை என்று பொருள். பிற்பாடு சிலிகேட்டும் அல்ட்ராமரீனும் சேர்த்து, தண்ணீர் நிறைந்த சோப்பிலும் செயற்கையாக நரம்பு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதோடு அந்தச் சாட்சியின் மதிப்பும் போயிற்று. செயற்கை அல்ட்ராமரீன் 1820களில்தான் உருவானது. நாம் இன்று சுழலுக்குக் குழைக்கும் அதே நீலத்தூள், ஒரு காலத்தில் போலி நரம்புக்கும் உழைத்திருக்கிறது.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ கட்டியை வெட்டலாம். அதற்குள் மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது சோடியம் கார்பனேட். வினைபுரியாத காரமும் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடும் சேர்ந்து உண்டாக்கியது. கெடுதல் இல்லை, ஆனால் கோலத்தை மறைக்கும். ஊற்றியவுடன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்து மூடிவைத்தால் பெருமளவு தடுக்கலாம். ஹேங்கர் கட்டியில் பூத்தால் சீவித் தள்ளிவிடலாம். பீகாக்கில் சீவினால் பொடியோடு மயிலும் போய்விடும். நீராவியைக் காட்டி எடுப்பதுதான் வழி. பிறகு நான்கு முதல் ஆறு வாரம், துண்டுகளுக்கு இடையே காற்று புகும்படி அடுக்கி உலரவிட வேண்டும். வெட்டிய அன்று கலங்கலாகத் தெரியும் கோடுகள், முகத்தைச் சீவி உலர்ந்தபின் பெரும்பாலும் கூர்மையாகும்.

அன்பளிப்பாகப் பெற்றவர்கள், "இதைப் போட்டுக் குளிக்கவே மனசு வரல, ஷோகேஸ்ல வச்சிருக்கேன்" என்பார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். சோப்பாகாமல் மிஞ்சிய அந்த ஐந்து சதவீத எண்ணெய் காலம் போகப் போகக் காறிப்போய் ஆரஞ்சுப் புள்ளிகளாக வெளியே வரும்; வாசனை மங்கும்; இலைப் பச்சை வெளுக்கும். கோலம் அழிந்துவிடும் என்று பயந்து வைத்திருப்பவருக்கு, எந்தச் சுழல் என்பதைப் பொறுத்து நான் பதில் சொல்வேன். பீகாக் என்றால் உண்மைதான், சில குளியலில் கரைந்துவிடும். ஹேங்கரும் தைவானும் அப்படியல்ல. கோடு கட்டியின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை ஊடுருவி நிற்பதால், தேய்ந்து சில்லாகும் வரை அதே சுழல் தெரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் யாருக்காவது கொடுப்பதற்கென்று செய்யும்போது நான் ஹேங்கரை எடுக்கிறேன்.